மூன்று பிரதி

வீடியோ எடிட்டிங்கைச் சொந்தத் தொழிலாகச் செய்ய வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்த மென்பொருளை வாங்கலாம் என்பதைத்தான். மாதச் சந்தா கட்டுவதா, ஒரே தடவையில் வாங்கிப் போடுவதா என்று மண்டையை உடைத்துக்கொள்வார்கள். எதை வேண்டுமானாலும் வாங்குங்கள், முதலில் பிரதி எடுக்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்பேன். கல்யாணமோ காதுகுத்தோ, எடுத்த காட்சிகள் மூன்று இடத்தில் இருக்க வேண்டும். அதில் ஒன்று வேறு வீட்டில் இருக்க வேண்டும். இதை நான் சொல்லாத ஆள் தில்லி முனிர்காவில் இல்லை. எங்கள் மாடிக்குக் கீழே மோமோ விற்கிறவரிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். அச்சா என்று தலையாட்டிவிட்டுச் சட்னி ஊற்றினார்.

நடந்ததை எழுதித் தரும்படி பாலசுப்ரமணியம் சார் கேட்டிருக்கிறார். அவர் மத்திய அரசு அமைச்சகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். லக்ஷ்மிபாய் நகரில் பேத்தியின் பிறந்தநாள் வீடியோவை வெட்டி ஒட்ட ஆரம்பித்து, இப்போது தில்லித் தமிழ் எடிட்டர்கள் குழுவுக்கே தலைவராகிவிட்டார். வாயால் சொன்னது எதுவும் அவரைப் பொறுத்தவரை நடக்கவில்லை. தேதி போட்டுக் கையெழுத்திட்டால்தான் நடந்தது. "ஹரிஷங்கர், நடந்ததை மட்டும் எழுதுங்கோ. விளக்கமெல்லாம் வேண்டாம்" என்றார். விளக்கம் இல்லாமல் எனக்கு எழுத வராது. அதை அவர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

டேவிட்சனும் நானும் முனிர்காவில் ஒரே அறையில் இரண்டு மேஜை போட்டு வேலை செய்தோம். அவன் நாகர்கோவில்காரன், என் வயதுதான். நல்லவன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தொழில் என்றால் என்ன என்று அவனுக்குக் கடைசிவரை புரியவில்லை. 'புதுசு' என்று ஒரு ஃபோல்டர் வைத்திருப்பான். அடுத்த வேலை வந்தால் 'புதுசு 2'. அதற்கும் அடுத்தது 'இதுதான் புதுசு'. வாடிக்கையாளரிடம் ஒப்பந்தம் எழுத மாட்டான். பத்தாவது திருத்தத்தையும் சிரித்துக்கொண்டே செய்து கொடுப்பான். எல்லாம் ஒரே டிஸ்கில் கிடக்கும். "ரெண்டாவது பிரதி எங்கேடா?" என்று கேட்டால், "எல்லாம் கர்த்தர் பாத்துக்கிடுவாருலே" என்பான். கர்த்தருக்கு வேறு வேலை இல்லையா என்று பலமுறை கேட்டிருக்கிறேன்.

ஜூலியாவின் கல்யாண வேலை எங்கள் இருவரையும் தேடித்தான் வந்தது. ஜூலியா பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ், அவளுக்கும் நாகர்கோவில் பக்கம். நான் நான்கு பக்கத்தில் விலைப்பட்டியலும் நிபந்தனைகளும் அனுப்பினேன். எத்தனை திருத்தம், எத்தனை நாள், தாமதமானால் யார் பொறுப்பு, எல்லாம் அதில் இருந்தது. டேவிட்சன் போனில், "செஞ்சிரலாம்க்கா" என்றான். வேலை அவனுக்குப் போயிற்று. எனக்கு அதில் வருத்தம் இல்லை என்று எழுதத்தான் நினைத்தேன். சார் படிக்கப் போகிறார் என்பதால் உண்மையை எழுதுகிறேன்: கொஞ்சம் இருந்தது.

கல்யாணம் நவம்பரில் நடந்தது. இரண்டு ராத்திரி ரயிலில் உட்கார்ந்து வந்திருந்த ஜூலியாவின் அப்பா, வரவேற்பில் மைக்கைப் பிடித்து மகளை ஆசீர்வதித்துப் பேசினாராம். சபையே அழுததாம். நான் போகவில்லை. டேவிட்சன் வந்து சொன்னான்.

நாலாவது நாள், "லேய் ஹரி, கம்ப்யூட்டர் ரொம்ப இழுக்கு, நீ ஒண்ணு பாத்துக் குடேன்" என்று சொல்லிவிட்டு டேவிட்சன் குளிக்கப் போனான். அப்போது அவன் போன் அடித்தது, நான் எடுத்தேன். கேமராமேன் முத்து. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. படம் எடுத்தவர் கேமரா கார்டுகளை எடிட்டரின் வார்த்தை இல்லாமல் அழிக்க மாட்டார். அந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாம் நிற்கிறது.

"நாளைக்கு ரோகிணில இன்னொரு கல்யாணம். கார்டைக் காலி பண்ணிரவா?" என்றார் முத்து.

"எல்லாம் ஏத்தியாச்சு, காலி பண்ணிருங்க" என்றேன்.

அப்படி நான் சொன்னபோது அது பொய் இல்லை. டேவிட்சனின் டிஸ்கில் எல்லாம் ஏறித்தான் இருந்தது. பிறகு நான் செய்தது என்னவென்றால், அந்தக் கல்யாணத்தை முழுவதும் என் டிஸ்குக்கு ஒரு பிரதி எடுத்தேன். எடுத்தது சரியாக வந்திருக்கிறதா என்று இரண்டு தடவை சரிபார்த்தேன். அதன் பிறகுதான் அவன் டிஸ்கை அழித்தேன். நான் பொறுப்பில்லாமல் எதையும் செய்கிறவன் இல்லை.

டேவிட்சன் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தான். டிஸ்க் போய்விட்டது என்றேன். சிரித்தான். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துக்கொண்டான். ஒரு வாரம் தவிக்கட்டும், பாடம் மனதில் பதியட்டும், பிறகு என் டிஸ்கை எடுத்து மேஜையில் வைக்கலாம் என்பது என் எண்ணம். எத்தனை வருடம் வாயால் சொன்னேன், கேட்டானா? அவன் நேரு பிளேஸுக்கும் அறைக்குமாக அலைந்தான். அழிந்ததை மீட்டுத் தருகிறேன் என்ற கடைக்காரர்களிடம் எல்லாம் கைகூப்பி நின்றான். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் எனக்குத் தெரிந்து அந்த வாரம்தான் அவன் முதல்முறையாக இரண்டாவது டிஸ்க் ஒன்று வாங்கினான்.

அந்த வாரம் முடிவதற்குள் ஜூலியாவின் அப்பா ஊரில் இறந்துவிட்டார். கல்யாணம் முடிந்து பத்தாம் நாள்.

ஜூலியா விமான நிலையத்திலிருந்து டேவிட்சனுக்குப் போன் செய்தாள். ஸ்பீக்கரில் கேட்டது. "தம்பி, கல்யாணம் மெதுவா வரட்டும். அப்பா பேசினத மட்டும் முதல்ல அனுப்பு." டேவிட்சன் போனைக் கையில் வைத்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டான். அப்போது கொடுத்திருக்கலாமே என்று சார் கேட்டார். கொடுத்திருக்கலாம். ஆனால் துக்க வீட்டில் எதற்குக் குழப்பம்? இத்தனை நாள் எங்கே இருந்தது என்ற கேள்வி வரும். பாடமும் கெட்டுவிடும். நான் அவன் தோளில் கைவைத்து, இனிமேல் மூன்று பிரதி எடு என்று மட்டும் சொன்னேன்.

கார்டைக் காலி செய்யச் சொன்னது அவன்தான் என்று முத்து சொன்னார், இல்லை என்று அவன் சொன்னான். என் குரலை டேவிட்சன் குரல் என்றே முத்து நினைத்துவிட்டார் போலிருக்கிறது. யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். துக்கம் முடிந்து ஜூலியா திரும்பிய பிறகு, டேவிட்சன் தினமும் அவள் ஆஸ்பத்திரி வாசலில் மன்னிப்புக் கேட்க நின்றான். அவள் நிற்காமல் கடந்து போனாள். கிறிஸ்துமஸுக்கு முன்பே மேஜையை விற்றுவிட்டு ஊருக்குப் போனான். ரயில் ஏற்றிவிட நான்தான் போனேன். "நீ அப்பமே சொன்னே, நாந்தான் கேக்கல" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். நியாயமாக ஒப்புக்கொண்டதில் எனக்கு அவன் மேல் மதிப்பு கூடியது.

அதற்குப் பிறகு கோல் மார்க்கெட்டில் நான் நடத்தும் சனிக்கிழமை வகுப்பு நிரம்பிவிட்டது. ஒரு உண்மைச் சம்பவம் நூறு அறிவுரைக்குச் சமம். அப்படித்தான் பின்னணி இரைச்சலை நீக்குவது எப்படி என்ற பாடத்துக்கு ஒரு மாதிரி தேவைப்பட்டது. பேண்ட் வாத்தியத்துக்கு நடுவே ஒரு வயதானவர் தழுதழுத்துப் பேசுகிறார் என்றால், அதைவிட நல்ல மாதிரி கிடைக்குமா? முகத்தை மங்கலாக்கிவிட்டேன். குரலை அருமையாகச் சுத்தம் செய்திருந்தேன். குழுவில் பகிர்ந்தேன். முத்து அதைக் கேட்டுவிட்டு ஜூலியாவுக்கு அனுப்பினார்.

டூட்டி உடையோடு வந்து என் வாசலில் நின்றாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. "அப்பா நாலு நிமிஷத்துக்கு மேல பேசினாவ. மீதி எங்க?" என்று மட்டும் கேட்டாள். பதில் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

வரும் ஞாயிற்றுக்கிழமை குழுவின் முன்னிலையில் எல்லாவற்றையும் அவளிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது சாரின் உத்தரவு. ஒப்படைப்பேன். எல்லாம் என்றால் நாற்பது விநாடி. ஜனவரியில் வகுப்புப் பதிவுகள் சேர்ந்து என் டிஸ்க் நிரம்பிவிட்டது. பாடத்துக்கு வெட்டியது போக மற்றதை அழித்தேன். வேறு பிரதி இல்லை. மூன்று பிரதி என்பது அவரவர் சொந்த வேலைக்குச் சொன்னது. இது என் வேலை இல்லையே.

ஆனால் ஜூலியா கவலைப்பட வேண்டாம் என்று சார் அவளிடம் சொல்லலாம். அந்தப் பேச்சை முழுவதும் பலமுறை பார்த்தவன் நான் ஒருவன்தான். விட்டுப்போனதில் பெரிதாக எதுவும் இல்லை. இருமுகிறார். மைக்கைத் தட்டிப் பார்க்கிறார். மாப்பிள்ளையின் பெயரை மறந்து பக்கத்தில் விசாரிக்கிறார். நடுநடுவே மகள் பக்கம் திரும்பி, "மக்ளே, சாப்பிட்டியா?" என்று மூன்று தடவை கேட்கிறார். ஒரே கேள்விதான். ஒன்று போதும் என்று மற்ற இரண்டையும் எடுத்துவிட்டேன்.