குதிரைக் காசும் மையவாடிப் பாதையும்

“குதிரை ஓடின காசில போட்ட பாதையால ஜனாஸா கொண்டு போகலாமா தம்பி?”

கல்பிட்டியிலிருந்து புத்தளம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் ஆசனத்தில் இருந்த பள்ளிவாசல் நிர்வாகி இப்படிக் கேட்டார். பக்கத்தில் இருந்தவர் பிரதேச சபை உறுப்பினர். குதிரைப் பந்தயம் பிடிக்கும் ரேஸ் புக்கிக் கடைகளின் வரியில் இனிச் சபைகளுக்கும் பங்கு வருமாம்; அதில் ஆலங்குடாவில் ஜனாஸா அடக்கும் மையவாடிக்குப் பாதை போடலாம் என்று அவர் சொல்லிக்கொண்டு வந்தார். நான் மூன்று மீன்பிடிப் போட்டுக்குச் சொந்தக்காரன். ஆனாலும் பஸ்ஸில்தான் போவேன். நல்ல கதை அதில்தான் கிடைக்கும்.

“நானா, போன மழைக்கு உங்கட வாப்பாட ஜனாஸாவ இடுப்புத் தண்ணியிலதானே கொண்டு போனீங்க?” என்று உறுப்பினர் கேட்டார்.

“ஓம். அதுக்காக ஹராம் காசு எடுக்கவா?”

“பேங்க்ல பள்ளிக் காசுக்கு வட்டி விழுந்தா என்ன செய்றீங்க?”

“பள்ளிக்கு எடுக்க மாட்டம். ஊருக்குக் கக்கூஸ் கட்டக் குடுத்திருவம்.”

“அப்ப லேசு. கடற்கரைல டூரிஸ்ட்காரருக்குக் கக்கூஸ் கட்டச் சபையில வேற காசு கிடக்கு. அந்தக் காசில பாதையப் போடுவம். குதிரைக் காசில கக்கூஸக் கட்டுவம்.”

“பெரிய கள்ளன்டா நீ.”

உறுப்பினர் சிரித்தார். நிர்வாகி பாலாவிச் சந்தி வரைக்கும் வெளியே உப்பளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“மழைக்கு முந்திப் பாதையப் போட்டிருங்க தம்பி. எங்கட உம்மாக்கும் சொகமில்ல.”