நிச்சயத் தட்டில் வந்த செல்பேசி

என் பெயர் ஞானதாஸ். வயது 50. தந்தை பெயர் சவரிமுத்து, காலமானவர். சென்னை மயிலாப்பூர், ரோசரி சர்ச் சாலை, கதவு எண் 11, இரண்டாவது மாடியில் மனைவியுடன் வசித்து வருகிறேன். தனியார் கல்லூரி ஒன்றின் தேர்வுப் பிரிவில் கண்காணிப்பாளராகப் பணிபுரிகிறேன். வினாத்தாள் கட்டுகளுக்கு முத்திரையிட்டு அனுப்புவதும், வந்து சேரும் கட்டுகளின் முத்திரை உடையாமல் இருக்கிறதா எனப் பார்த்துப் பெறுவதும் என் பொறுப்பு. என் அக்காள் மகள் சோஃபியா, வயது 27, தன் நான்கு வயது மகள் மெர்லினைத் தன் கணவர் ஜாஸ்பர் கொண்டுபோய்விட்டதாகக் கொடுத்துள்ள புகார் தொடர்பாக, அழைப்பு ஏதும் இல்லாமல் நானாகவே காவல் நிலையத்தில் ஆஜராகி இந்த வாக்குமூலத்தை அளிக்கிறேன்.

என் அக்காள் ஃப்ளோரன்ஸும் அவர் கணவரும் இறந்துவிட்டபடியால், சோஃபியாவின் திருமணத்தைத் தாய்மாமன் என்ற முறையில் நானே முன்னின்று நடத்தினேன். நிச்சயத்தன்று மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த தட்டில் பட்டுப்புடவை, ஜெபமாலை, பழங்கள் ஆகியவற்றுடன் ஒரு புதிய செல்பேசியும் இருந்தது. மேற்படி ஜாஸ்பர் தம் பெயரையும் சோஃபியாவின் பெயரையும் சேர்த்து ஒரு மெயில் ஐடி உருவாக்கி, அதன் கடவுச்சொல்லைத் தாமே வைத்துக்கொண்டு, அந்த ஐடியைத் தம் செல்பேசியிலும் சோஃபியாவுக்குக் கொடுத்த செல்பேசியிலும் போட்டிருந்தார். இனி இருவர் எடுக்கும் படங்களும் ஒரே இடத்தில் சேரும் என்று அவர் சபையில் சொன்னபோது எல்லோரும் கைதட்டினார்கள். நானும் கைதட்டினேன்.

அதன்பின் நடந்த துன்புறுத்தல்கள் குறித்து நீதிமன்றத்தில் சோஃபியா தனியே மனு செய்திருப்பதால் அவற்றை இங்கு விவரிக்கவில்லை. கடந்த ஜூன் மாதம் ஜாஸ்பர் அவளுடைய செல்பேசியைச் சுவரில் வீசியதில் அதன் திரையின் கீழ்ப்பாதி தொட்டால் வேலை செய்யாமல் போனது. அதற்கு மறுநாள் அவள் குழந்தையுடன் வெளியேறி, கோட்டூர்புரத்தில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் பெண்கள் விடுதி ஒன்றில் சேர்ந்தாள். விடுதிப் பொறுப்பாளரான சிஸ்டர் சொன்னபடி உடைந்த செல்பேசியை அணைத்துப் பெட்டியில் வைத்துவிட்டு, பட்டன் ஃபோன் ஒன்றைப் பயன்படுத்தி வந்தாள். அவள் இருக்கும் இடம் எனக்கும் என் மனைவிக்கும் மட்டுமே தெரியும்.

அதன்பின் ஆகஸ்டு மாதம், ஜாஸ்பர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய மிரட்டல் குரல் பதிவுகளை அடுத்த வாய்தாவுக்குள் தரவேண்டும் என்று அவளுடைய வழக்கறிஞர் கேட்டார். உடைந்த செல்பேசி சிறிது நேரம் இயங்கியதும் சூடேறித் தானாக அணைந்துவிடும் நிலையில் இருந்ததால், புதிய செல்பேசி ஒன்றை வாங்கி, பழையதில் உள்ளவற்றை அதற்கு மாற்றித் தருவதென நான் பொறுப்பேற்றேன்.

மாற்றுவதற்கான வழிகளை முறைப்படி ஆராய்ந்தேன். கம்பி வழியாக மாற்றுவது முதல் வழி. பழைய செல்பேசியின் சார்ஜ் துளை தளர்ந்து கம்பி நிற்காததால் அது இயலவில்லை. இரண்டு செல்பேசிகளையும் அருகில் வைத்து வைஃபை மூலம் மாற்றும் செயலியையும் முயன்றேன். பாதியில் பழையது அணைந்துபோயிற்று. அதன்பின் சோஃபியாவுடன் தி.நகர் உஸ்மான் சாலை அருகே இனாயத் என்பவர் நடத்தும் செல்பேசிக் கடைக்குச் சென்றேன். அவர் தம் கணினியில் இதற்கென ஒரு மென்பொருள் இருப்பதாகவும், சார்ஜ் துளையைச் சரிசெய்து அதன் வழியாக ஏற்றித் தருவதாகவும் சொன்னார். ஏற்றும்போது தகவல்கள் உங்கள் கணினியில் தங்குமா என்று கேட்டேன். "தங்குனா துடைச்சிடலாம் சார். அப்படி இன்னா கீது இதுல, ராணுவ ரகசியமா?" என்றார். சோஃபியா, "மாமா கொஸ்டின் பேப்பருக்கு சீல் வைக்கிறவரு, அவர்கிட்ட போய் இதச் சொல்றீங்களே" என்றாள். "அப்ப இதுக்கும் ஒரு சீல வெச்சி எடுத்துனு போங்க நைனா" என்று அவர் சொல்ல, சோஃபியா வாய்விட்டுச் சிரித்தாள். அவள் விடுதிக்குச் சென்றபின் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். மூன்றாம் நபர் கைக்குப் போகக்கூடாது என்ற காரணத்தால் அந்த வழியையும் நிராகரித்து, புதிய செல்பேசியை மட்டும் வாங்கிக்கொண்டு என் வீட்டிற்கு வந்தோம்.

எஞ்சியிருந்தது பேக்கப் மட்டுமே. படங்களும் வாட்ஸ்அப் பதிவுகளும் முன்பே அந்த மெயில் ஐடியில் தாமாகச் சேமிக்கப்பட்டிருந்தன. புதிய செல்பேசியில் பழைய சிம்மையும் அதே ஐடியையும் போட்டால் எல்லாம் வந்து சேரும். இடையில் யார் கையும் படாது. எனவே இதுவே பாதுகாப்பானது என முடிவு செய்தேன். ஐடியைப் போடும் முன் சோஃபியா என்னிடம், "மாமா, இந்த ஐடி அவரு போட்டது. பரவால்லையா?" என்று கேட்டாள். "யார் போட்டா என்னம்மா, உள்ள இருக்கிறது உன்னோடதுதானே" என்றேன்.

கடவுச்சொல் தெரியாததால், பழைய செல்பேசியில் 'ஆம், நான்தான்' என உறுதி செய்யும் வழியைத் தேர்ந்தேன். அந்தப் பொத்தான் திரையின் பழுதான பாதியில் வந்தது. செல்பேசியைக் குறுக்காகத் திருப்பிப் பிடித்து, பொத்தான் நல்ல பகுதிக்கு வந்ததும் நானே அழுத்தினேன். அதன்பின் புதிய செல்பேசியில் வந்த நிபந்தனைகளை ஒரு பக்கம் விடாமல் படித்தே சம்மதம் தெரிவித்தேன். செல்பேசி தொலைந்தால் அது இருக்கும் இடத்தைக் கண்டறியலாம் என்றும் ஒரு பக்கத்தில் இருந்தது. அதைச் சோஃபியாவுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டி, நல்லதுதான் என்று சொல்லி, அதற்கும் சம்மதம் கொடுத்தேன். குரல் பதிவுகள் முழுமையாக வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றையும் ஒலிக்கவிட்டுச் சரிபார்த்தேன். அவ்வளவு நேரமும் என் மனைவி சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. அதன்பின் சோஃபியா அந்தச் செல்பேசியை விடுதிக்கு எடுத்துச் சென்றாள்.

அந்த வாரமே வியாழக்கிழமை மாலை, சோஃபியா விடுதி மாடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தபோது, மெர்லின் கீழே வாயிற்காவலர் அம்மாசியின் அருகில் பூனைக்குப் பால் ஊற்றிக்கொண்டு இருந்திருக்கிறாள். ஜாஸ்பர் பைக்கில் வந்து, இறங்காமலே குழந்தையைப் பெயர் சொல்லி அழைத்திருக்கிறார். அம்மாசி என்னிடம், "அப்பான்னு கத்திக்கினே ஓடுச்சி சார். வண்டியப் புடிச்சேன். எம் பொண்ணு, நீ யார்யா கேக்கறதுன்னாரு. நான் இன்னா சொல்றது?" என்றார். பால் கிண்ணம் அப்படியே இருந்ததாகவும், பூனை மட்டும் திரும்பி வந்து குடித்ததாகவும் சொன்னார்.

அதன்பின் சோஃபியா கொடுத்த புகாருக்கு ஜாஸ்பர் தம் வழக்கறிஞர் மூலம் பதில் அளித்துள்ளார். குழந்தை தம்மிடம் நலமாக இருப்பதாகவும், மனைவி தானாகவே தன் இருப்பிடத்தைச் செல்பேசி வழியாகத் தமக்குத் தெரிவித்து வரச் சொன்னதாகவும் அதில் கூறி, கோட்டூர்புரம் விடுதியைக் காட்டும் வரைபடம் ஒன்றின் நகலை இணைத்துள்ளார். குழந்தையை எங்கே வைத்திருக்கிறார் என்பதைக் கூறவில்லை. அந்த நகலைப் பார்த்த பிறகு, இது கணவன் மனைவி தாங்களே பேசித் தீர்க்கவேண்டிய விவகாரம் என்று இந்த நிலையத்தில் சோஃபியாவுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. அது குறித்தே இந்த வாக்குமூலம். சோஃபியா தன் இருப்பிடத்தை ஜாஸ்பருக்கு எந்த வகையிலும் தெரிவிக்கவில்லை. அவருடைய ஐடியை அந்தச் செல்பேசியில் போட்டதும், இருப்பிடம் காட்டச் சம்மதித்ததும் நான். அவள் கேட்டபோது பரவாயில்லை என்று சொன்னதும் நான். வரைபடத்தில் உள்ள நாளையும் நான் ஐடி போட்ட நாளையும் ஒப்பிட்டால் இது விளங்கும்.

இதை உணர்ந்தவுடன் அந்த ஐடியைச் செல்பேசியிலிருந்து நீக்குவதே முறை. நீக்க முற்பட்டபோது சோஃபியா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்று காலை அந்தச் செல்பேசியில் அவள் எடுக்காத படம் ஒன்று வந்திருந்தது. ஜாஸ்பர் தம் செல்பேசியில் எடுக்கும் படங்கள் முன்போலவே அதே ஐடியில் சேர்வதை அவர் கவனிக்கவில்லை என்று கருதுகிறேன். படத்தில் மெர்லின் பச்சை நிறச் சுவர் ஒன்றின் முன் நிற்கிறாள். தலைமுடி ஒட்ட வெட்டப்பட்டிருக்கிறது. அந்தச் சுவரை நாங்கள் யாரும் அறியோம். சோஃபியா படத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்துவிட்டு, "செருப்பக் கால் மாத்திப் போட்டிருக்கா மாமா" என்றாள். அதன்பின், "ஐடிய எடுத்துடாதீங்க" என்றாள்.

ஆகவே ஐடியை நீக்கவில்லை. சோஃபியா வேறு இடத்திற்கு மாறிவிட்டாள். செல்பேசியை நான் என் வீட்டில் வைத்துப் பார்த்து வந்தேன். அது என் வீட்டில் இருப்பதை ஜாஸ்பர் அறிந்துகொள்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. இதுவரை வேறு படம் வரவில்லை.

அந்தச் செல்பேசியை இன்று ஒப்படைக்கிறேன். கைப்பற்றும் பொருளை அணைத்து, உறையிலிட்டு, முத்திரை வைப்பதே விதி என்பதை அறிவேன். என் பணிக்காலம் முழுவதும் அந்த விதியை மீறியதில்லை. இந்தப் பொருளைப் பொறுத்தவரை அவ்வாறு செய்யவேண்டாம் என்றும், சார்ஜரில் போட்டு, இணைய இணைப்புடன், யாரேனும் ஒருவர் பார்வையில் வைத்திருக்கவேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இதில் எழுதப்பட்டவை நான் செய்தவையும் நேரில் கண்டு கேட்டவையுமே. பிறர் சொன்னதை அவர்கள் சொன்னதாகவே கூறியுள்ளேன். எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். மாற்றம் ஏதும் இல்லை. உண்மை என உறுதி கூறிக் கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) ச. ஞானதாஸ்

ஒப்படைத்த பொருள்: செல்பேசி ஒன்று, சார்ஜருடன். இயங்கும் நிலையில். முத்திரையிடப்படவில்லை.