எங்கே போகிறாய் என்று கேட்ட ஜொஹரா அக்காவுக்கு

பெருமதிப்பிற்குரிய ஜொஹரா அக்கா அவர்களே! பயணம் புறப்படுவோரின் பதற்றத்தைப் புன்னகையால் தணித்த பண்பின் பெட்டகமே! மலாக்கா நகரில் எங்கள் நாணய மாற்றுக் கடையின் கண்ணாடி முகப்புக்குப் பின்னால் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அமர்ந்து, கோயில் யாத்திரை செல்வோர், மக்காவுக்கு உம்ரா செல்வோர், கல்யாணச் சேலை வாங்கச் சென்னைக்குச் செல்வோர் என அனைவரையும் அன்போடு அனுப்பிவைத்த அருமைச் சகோதரியே! இன்று பணி ஓய்வு பெறும் உங்களை, உடன் உழைத்த நாங்கள் நன்றி நிறைந்த நெஞ்சோடு வணங்குகிறோம்.

கடைக்கு வந்தவரிடமே "எல்லாத்தையும் இங்கயே மாத்தாதீங்க" என்று சொல்லும் துணிவு உங்களைத் தவிர வேறு யாருக்கு வரும்? "எறங்குன ஒடனே டாக்ஸிக்கும் சாப்பாட்டுக்கும் இங்க கொஞ்சம் சில்லறை நோட்டா வாங்கிக்குங்க. மீதிய அங்க ஊருக்குள்ள, லைசென்ஸ் உள்ள கடையா பாத்து மாத்துங்க. ஏர்போர்ட்ல ரேட்டு கம்மியா இருக்கும். தெருவுல கூப்பிடுறவன்கிட்ட போயிடாதீங்க. ரசீது வாங்க மறக்காதீங்க" என்று நீங்கள் சொல்லிக்கொண்டே போவீர்கள். எங்கள் முதலாளி ரஹீம் அவர்கள் பின்னாலிருந்து, "ஜொஹரா, நீ எனக்கு வேல செய்றியா, வெளியூர்க் கடைக்காரனுக்கு வேல செய்றியா?" என்பார். "திரும்பி நம்மகிட்டதான் வருவாங்க, முதலாளி" என்பீர்கள். வந்தார்கள். பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு வந்தார்கள்.

ஆனால் இம்மடலை எழுத அமர்ந்தபோது எங்கள் அனைவரின் நினைவிலும் முதலில் எழுந்தது, ஜாசின் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்திலிருந்து ஜெயா அம்மா தம் மகன் புவனேஷை அழைத்துக்கொண்டு வந்த அந்த நாள்தான்.

"மகனுக்கு வெளிநாட்டுல வேல கெடைச்சிருக்கு அக்கா. நாளைக்கு பாங்காக் போறான். செலவுக்குக் கொஞ்சம் தாய்லாந்து பாட் மாத்திக் குடுங்க" என்றார் அந்த அம்மா. அவர் முகத்தில் அத்தனை பெருமை.

எங்கே மாற்றினால் நல்லது என்று சொல்வதற்காக, எல்லாரிடமும் கேட்பதைப் போலவே நீங்கள் கேட்டீர்கள்: "பாங்காக்ல எந்தப் பக்கம் தங்குறீங்க தம்பி?"

"டவுனுக்குள்ள போக மாட்டேன் கா. ஏர்போர்ட்ல இருந்து நேரா வேன்ல ஏத்தி பார்டருக்குக் கொண்டு போயிடுவாங்க. காசே தேவையில்லன்னு ஏஜென்ட் சொல்லிட்டாரு. அம்மாதான் கேக்க மாட்றாங்க."

"பார்டர்ல என்ன கம்பெனி லா?"

"பேரு அங்க போனதும் சொல்வாங்க. பாஸ்போர்ட்டக்கூட அவங்களே பத்திரமா வச்சுக்குவாங்களாம்."

எண்ண எடுத்த நோட்டுகளை நீங்கள் மீண்டும் இழுப்பறையில் வைத்தீர்கள். வேலை என்று அழைத்துச் சென்று, எல்லைக்கு அப்பால் பூட்டிவைத்து, அடித்து, மோசடி வேலை செய்ய வைக்கும் கும்பல்களைப் பற்றி நாங்களும் செய்தியில் படித்திருந்தோம். ஆனால் அது எங்கள் கடை வாசலில் நின்று பாட் கேட்கும் என்று நாங்கள் நினைத்ததில்லை.

"தம்பி, இந்தப் பயணம் வேணாம்" என்றீர்கள்.

புவனேஷுக்குக் கோபம் தலைக்கேறியது. "நீங்க காசு மாத்துற ஆளு. மாத்திக் குடுங்க, இல்லன்னா விடுங்க. என் வேலையப் பத்திப் பேசாதீங்க லா" என்றவர், தாயின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஜாசின் பேருந்தைப் பிடிக்கப் போய்விட்டார். ஜெயா அம்மா மட்டும் வாசலில் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

நீங்கள் எழுந்து முதலாளியிடம் போனீர்கள். "அந்தப் புள்ள போகக் கூடாது, முதலாளி." அவர் தயங்கினார். "வந்தவங்க குடும்ப விஷயத்துல நாம தலையிடலாமா, ஜொஹரா?" நீங்கள் கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினீர்கள். முதலாளி கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு உங்கள் பின்னால் ஓடிவந்தார்.

பேருந்து நிலையத்தில் தாயும் மகனும் முகம் திருப்பி அமர்ந்திருந்தார்கள். நீங்கள் புவனேஷின் எதிரே நின்று, "உன்னத் திட்ட வரல தம்பி. அந்த ஏஜென்டுக்குப் போன் போடு. கம்பெனி பேரு, அட்ரஸ், ரெண்டு மட்டும் கேளு. சொல்லிட்டாருன்னா நானே உனக்கு மாத்திக் குடுக்குறேன், மன்னிப்பும் கேட்டுக்குறேன்" என்றீர்கள்.

அவர் வீம்பாகத்தான் அழைத்தார். ஒலிபெருக்கியில் முதலில் தேனாகப் பேசிய குரல், கம்பெனியின் பெயரைக் கேட்டதும் மாறியது. "யாரு கேக்கச் சொன்னது? டிக்கெட் போட்டாச்சு. நாளைக்கு நீ வரலன்னா வீட்டுக்கு ஆளு வரும். ஒங்கம்மா இருக்குற எடம் எங்களுக்குத் தெரியும்."

புவனேஷின் முகம் வெளுத்தது. ஜெயா அம்மா வாய்விட்டு அழுதார். நீங்கள்தான் இருவரையும் காவல் நிலையத்துக்கு அழைத்துச் சென்றீர்கள். புகார் கொடுத்த பிறகும் அவர்கள் வீடு திரும்ப அஞ்சியபோது, டுரியான் துங்காலில் உள்ள உங்கள் வீட்டிலேயே தங்கவைத்தீர்கள். உங்கள் கணவர் நிஜாம் அவர்கள் ஒரு கேள்வியும் கேட்காமல் அறையை ஒழித்துக் கொடுத்தார். அச்சம் அடங்கும் வரை, ஒரே சமையலறையில் நீங்களும் ஜெயா அம்மாவும் அக்கா தங்கையாகச் சமைத்தீர்கள். மிரட்டியபடி ஆள் எவரும் வரவில்லை.

அதே விமானத்தில் போகவிருந்த தோழன் காந்தனையும் புவனேஷ் அன்றே அழைத்து எச்சரித்தார். காந்தன் சிரித்துவிட்டு, மறுநாள் விமானம் ஏறிவிட்டார். அதன் பிறகு அவரிடமிருந்து பேச்சில்லை. காந்தனுக்காக நீங்கள் ஒவ்வொரு தொழுகையிலும் இறைவனிடம் வேண்டியதை நாங்கள் அறிவோம்.

நெடுநாள் கழித்து மீட்கப்பட்டுத் திரும்பிய காந்தனை, புவனேஷ் நம் கடைக்கு அழைத்துவந்தார். சட்டைக்குள் உடம்பு இருப்பதே தெரியவில்லை. கண்ணாடி முகப்புக்கு முன்னால் நின்று அவர் கேட்டார்:

"அக்கா, நான் இங்க மாத்த வந்திருந்தா என்னையும் கேட்டிருப்பீங்களா?"

கதவைத் திறந்து வெளியே வந்து, அவர் தலையில் கை வைத்தீர்கள். "கேட்டிருப்பேன்யா. நீ எவ்வளவு திட்டினாலும் கேட்டிருப்பேன்." வரிசையில் நின்றவர்கள் ஒருவரும் அவசரப்படவில்லை. கடையில் இருந்த எல்லாரும் அழுதோம்.

அன்பு அக்காவே! இன்று புவனேஷ் சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையில் வேலை செய்கிறார். காந்தன் ஜாசினில் லாரி ஓட்டுகிறார். இருவரும் ஜெயா அம்மாவின் இருபுறமும் இந்த மண்டபத்தில் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். உங்களுக்கு என்ன பரிசு தரலாம் என்று நாங்கள் பலவாறு யோசித்தோம். அவர்களைவிடப் பெரிய பரிசு எங்களுக்குத் தோன்றவில்லை.

அடுத்த மாதம் நீங்களும் நிஜாம் அவர்களும் உம்ரா புறப்படுகிறீர்கள். ஊரையெல்லாம் கடல் கடக்க அனுப்பிய நீங்கள் விமானம் ஏறுவது இதுவே முதல்முறை. எல்லாம் வல்ல இறைவன் உங்கள் இருவருக்கும் நோயற்ற உடலும், நிறைந்த மனமும், நீண்ட ஆயுளும் அருள்வானாக! போகும் இடமெல்லாம் உங்களைப் போல் ஒருவர் உங்களிடம் அன்பாகப் பேசட்டும். போய் வாருங்கள் அக்கா. விமான நிலையத்தில், வெளியே வரும் வாசலில், நாங்கள் அத்தனை பேரும் காத்திருப்போம்.

நன்றி மறவா நெஞ்சங்களுடன்,
முதலாளி ரஹீம், ஷாமினி, நிவேந்திரன், லுத்ஃபியா
மற்றும் கடைப் பணியாளர்கள் அனைவரும்
மலாக்கா