மோட்டார் பக்கத்துக் குடில்

அது பேசாத பொண்ணு, எங்க போட்டாலும் கேக்காது. இதாங்க மேடம், அந்த ரிசப்ஷன் அம்மா சொன்னது. என்கிட்ட இல்ல, சாவி எடுத்துக் குடுக்கறாரே, அவர்கிட்ட. நான் ரெண்டடி தள்ளி நிக்கறேன், கையில அந்த ஈரத் துண்டு. மூஞ்சி தொடைச்சுக்கச் சொல்லிக் குடுத்தாங்கள்ல, புல்லு வாசனையோட, அது. தொடைச்ச பிறகு எங்க வைக்கணும்னு யாரும் சொல்லல. கேக்கவும் வாய் வரல. அதான் வச்சுக்கிட்டே நின்னேன். வந்து அஞ்சு நிமிஷம்கூட ஆகல. என் பேரு மட்டும்தான் சொல்லியிருந்தேன். அதையும் ரெண்டு தடவை சொல்ல வேண்டியதாப் போச்சு, முதல் தடவை அவங்களுக்குக் கேக்கல. அவ்வளவுலயே எடை போட்டுட்டாங்க.

கோவமா? இல்லியே. சரி, கோவம்தான். நீங்க சிரிக்கறத பாத்தாத் தெரியுது.

சிரிக்கத்தான் முடியும் உங்களால. உங்க கையில மஞ்சப் பட்டை கட்டியாச்சு. கட்டிட்டா சனிக்கிழமை வரைக்கும் மௌனம், எது வேணும்னாலும் சிலேட்டுல எழுதிக் காட்டணும். படைப்பு மனசுக்குள்ளேர்ந்து வரணும்னா சத்தம் அடங்கணுமாம், இந்த எழுத்து முகாம் நோட்டீஸ்ல போட்டிருக்கு. நீங்க காலையிலயே வந்து கட்டிக்கிட்டீங்க. எனக்கு ஆறு மணிக்கு மணி அடிச்சதும் கட்டிருவாங்க. போனையும் வாங்கிப் பெட்டியில போட்டுப் பூட்டிருவாங்க.

இப்ப மணி என்ன? அஞ்சேகால். சரி.

மேடம்னு கூப்பிட வேண்டாமா? வேற எப்படிக் கூப்பிட? அக்கான்னா... வேண்டாங்க. இன்னிக்கு அது வேண்டாம். மேடமே இருக்கட்டும்.

வரும்போது குடிலெல்லாம் எண்ணிக்கிட்டே வந்தேன். மொத்தம் பன்னெண்டு. பதினொண்ணு ஏரியப் பாத்து இருக்கு. இது ஒண்ணுதான் மோட்டாரப் பாத்து இருக்கு. டீசல் மோட்டாருங்க. வாசல்ல போர்டு பாத்தீங்கள்ல, பிளாஸ்டிக் பையோட உள்ள வரக்கூடாது, செடியில கை வைக்கக்கூடாது, பல்லு விளக்கற பிரஷ்கூட மூங்கில்லதான் இருக்கணும். என் பிரஷ்ஷ வாங்கி வச்சுக்கிட்டு மூங்கில் பிரஷ் ஒண்ணு குடுத்தாங்க, பாதி முடி இப்பவே கொட்டிருச்சு. அவ்வளவு சுத்தம் பாக்கறவங்க இங்க பின்பக்கம் டீசல் மோட்டார ஓட்டிக்கிட்டிருக்காங்க. சூரிய விளக்குன்னாங்க, மூணு நாளா அடைமழை, எங்கேர்ந்து எரியும்? ஃபேன் கிடையாது, இயற்கைக் காத்துன்னாங்க. சன்னலத் திறந்தா டீசல் வாடை, மூடினா அவியுது. அந்தக் கக்கூஸ பாத்தீங்களா? தண்ணி ஊத்தக்கூடாது, மரத்தூள் ஒரு கரண்டி அள்ளிப் போடணும். கரண்டி எங்க இருக்கு? கதவுக்கு வெளியில, ஆணியில மாட்டியிருக்கு. யோசிச்சுப் பாருங்க.

இந்தா, தொடங்கிருச்சு. இனிமே ஒரு மணி நேரம் ஓடுமாம், தொட்டி நிறையற வரைக்கும். கேக்குதா நான் பேசறது? இங்க பேசணும்னா கத்தணும் போல. நான் கத்தினதே இல்ல.

வேற குடில் மாத்திக் கேளுன்னு எழுதறீங்க. கேக்கலாம். ரெண்டு தடவை கிளம்பினேன், நம்புங்க. என் பெட்டியத் திறக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை, திறந்த பிறகு ஒரு தடவை. அந்தச் செம்பருத்திச் செடி வரைக்கும் போனேன். என்ன சொல்றதுன்னு வழியெல்லாம் கோத்துக்கிட்டே போனேன். தப்பா நினைச்சுக்காதீங்கன்னு ஆரம்பிக்கறதா, சிரமத்துக்கு மன்னிக்கணும்னு ஆரம்பிக்கறதா. அவங்க என்ன தப்பா நினைக்கப் போறாங்க, அவங்க சிரமத்துக்கு நான் ஏன் மன்னிப்புக் கேக்கணும்? அதெல்லாம் யோசிச்சு முடிக்கறதுக்குள்ள அவங்க வேற யாரையோ வரவேற்கப் போயிட்டாங்க. திரும்பி வந்துட்டேன். உங்களையும் இங்கயே போட்டிருக்காங்க பாருங்க. பட்டை கட்டின ஒருத்தர், பேசாத ஒருத்தி. நல்ல ஜோடி சேத்திருக்காங்க, ஒரு புகார் போகாது.

இவ்வளவு பேசற ஆளே இல்ல நான். வீட்டுல எனக்குப் பேரு வாயில்லாப் பூச்சி. அத்தை, சித்தப்பா, எதிர்வீட்டுக்காரங்க, எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவாங்க. ரெண்டு பஸ், ஒரு வேன், ஒரு படகு மாறி, பேசாம இருக்கறதுக்குன்னு இவ்வளவு தூரம் வந்திருக்கேன். எங்க வீட்டு மூலையில உக்காந்திருந்தா இதே மௌனம் ஓசியில கிடைச்சிருக்கும்.

ஆமா, போன் அடிக்குது. தெரியுது. அக்காதான். இது நாலாவது தடவை. இந்தப் படிக்கட்டுல மட்டும்தான் டவர் கிடைக்குது, உள்ள போயிட்டா அடிக்காது. உள்ள போலாம்தான்.

எடுக்கல. அப்புறம் எடுக்கறேன். சேந்துட்டியான்னு கேப்பா, வேறென்ன.

அவ அப்படித்தான். எனக்கு நாலு வயசு மூத்தவ. ஸ்கூல்ல எனக்குப் பாத்ரூம் போகணும்னாகூட டீச்சர்கிட்ட கேக்க மாட்டேன், அடக்கிக்கிட்டே உக்காந்திருப்பேன். அவ தினமும் பதினோரு மணிக்கு அவ கிளாஸ்ல ஏதாவது சாக்கு சொல்லிட்டு எங்க கிளாஸ் வாசல்ல வந்து நிப்பா. மிஸ், என் தங்கச்சிய வெளிய அனுப்புங்கம்பா. அஞ்சு வருஷம். காலேஜ்ல எனக்கு மார்க் தப்பாப் போட்டாங்க, அதுக்கும் அவதான் வந்து பேசினா. இங்க வர்றதுக்கு அப்பா ஒத்துக்கல, யாருன்னே தெரியாதவங்களோட காட்டுக்குள்ள ஒரு வாரமா அப்படின்னு குதிச்சாரு. அவகிட்ட ஒரு வார்த்தை சொன்னேன், பேசி முடிச்சுட்டா. என் பெட்டிய அடுக்கினதும் அவதான். கொசுவத்தி, குடை, வயித்து வலிக்கு மாத்திரை, எல்லாம் அவ வச்சது. இத்தனைக்கும் வெள்ளிக்கிழமை அவளுக்குக் கல்யாணம்.

இந்த வெள்ளிக்கிழமைதான். ரெஜிஸ்டர் ஆபீஸ்ல பதினோரு மணிக்குக் கையெழுத்து. விருந்து அடுத்த மாசம் வைக்கறாங்க. நீ கையெழுத்துக்கு வராட்டி என்னடி, விருந்துக்கு வந்து நல்லா சாப்பிடு, போய் எழுதுன்னு அவதான் அனுப்பி வச்சா.

ஏன் அப்படிப் பாக்கறீங்க?

என் கதையப் படிச்சிருக்கீங்களா? ஓ, தேர்வான கதைகளை ஜெராக்ஸ் எடுத்து எல்லாருக்கும் குடுத்துட்டாங்களா. அஞ்சாவது கதை. ம். கடைசி நல்லா இருக்குன்னு எழுதறீங்க. எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. தேர்வுக் கடிதத்துலயும் அதேதான் எழுதியிருந்தாங்க, எனக்கு மனப்பாடம் ஆயிருச்சு. வாய் பேசாத தங்கை எல்லார் முன்னாடியும் எழுந்து நின்னு உண்மையச் சொல்ற இடத்துல இருக்கற துணிச்சல் எங்களை ரொம்பவே பாதிச்சது. அப்படின்னு. அந்தக் கடிதத்த அக்கா சத்தமா வாசிச்சுக் காட்டினா, அம்மாவுக்கும் அப்பாவுக்கும். கதைய அவகிட்ட காட்டல. அச்சுல வரட்டும், அப்ப படின்னு சொல்லிட்டேன். அவளும் வற்புறுத்தல. எனக்கு வெக்கம்னு நினைச்சுக்கிட்டா.

இந்த மோட்டார் எப்பங்க நிக்கும்? தலை வலிக்குது. இல்ல, தைலம் வேண்டாம். இருக்கு, அக்கா வச்சிருக்கா.

கற்பனையான்னு கேக்கறீங்களா. கடைசி மட்டும் கற்பனை.

அவ லேப் டெக்னீஷியன். ரத்தம் எடுக்கறது, சோதிக்கறது, அந்த வேலை. பெரிய ஆஸ்பத்திரி ஒண்ணுல மேல்பயிற்சிக்கு எழுதிப் போட்டா, பரீட்சை எழுதினா, நேர்முகத்துக்கும் போய்ட்டு வந்தா. எட்டு மாசமாக் காத்துக்கிட்டிருந்தா. மூணு மாசம் முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை, மாப்பிள்ளை எங்க வீட்டுக்கு வந்திருந்தாரு. அடிக்கடி வருவாரு, ரொம்ப மரியாதையான ஆளு, செருப்ப ஜோடி சேத்து ஓரமா விடுவாரு. அம்மாவுக்கு அதுலயே மனசு நிறைஞ்சு போச்சு. அன்னிக்கு அக்கா தலைக்குக் குளிக்கப் போயிருந்தா. அம்மா அடுப்படியில. நான் கூடத்து மூலையில தரையில உக்காந்து துணி மடிச்சுக்கிட்டிருக்கேன். அக்கா போன் மேசை மேல சார்ஜ்ல கிடக்கு. அடிச்சுது. அவர் எடுத்தாரு.

அவங்க வீட்டுக்காரர்தான் பேசறேன்னாரு. நிச்சயம் மட்டும்தான் ஆகியிருக்கு. அப்புறம் கொஞ்ச நேரம் கேட்டாரு. சந்தோஷம் சார், ஆனா அவங்களுக்கு இப்போதைக்கு வர்ற எண்ணம் இல்ல, குடும்பம்னு ஆயிருச்சு, நீங்க வேற யாருக்காவது அந்த எடத்தக் குடுத்துருங்க அப்படின்னாரு. குரல்ல ஒரு பிசிறு இல்ல. வச்சாரு. வந்த நம்பர அழிச்சாரு. போன முன்னாடி இருந்த மாதிரியே கவுத்து வச்சாரு, வயர் மேசை ஓரத்துல எப்படித் தொங்கிச்சோ அப்படியே இழுத்து விட்டாரு. அந்த வயர இழுத்து விட்டதுதான் எனக்கு இன்னும் கண்ணுல நிக்குது. அப்புறம் திரும்பினாரு. என்னைப் பாத்தாரு. பயந்துருவாருன்னு நினைச்சேன். சிரிச்சாருங்க. தங்கச்சி நல்ல பொண்ணு, பேசாதுன்னாரு.

அதே வார்த்தை. அதான் ரிசப்ஷன்ல அந்தம்மா சொன்னதும் அவரு குரலே கேட்ட மாதிரி ஆயிருச்சு.

அடுத்த வாரம் எனக்கு ஒரு பேனா வாங்கிட்டு வந்தாரு. எழுதற பொண்ணுக்கு நல்ல பேனா வேணும்ல அப்படின்னு, எல்லார் முன்னாடியும் குடுத்தாரு. நல்ல பேனாதான். தடையில்லாம ஓடும். அதுலதான் இந்தக் கதைய எழுதினேன்.

இதோ, பையிலதான் இருக்கு. நீங்க வேணா எழுதிப் பாருங்க.

வேண்டாமா. சரி.

அவ இன்னும் தினமும் மெயில் பாக்கறா. முந்தாநாள் பெட்டி அடுக்கிக்கிட்டே சொல்றா, நமக்கு அந்த அளவுக்குத் தரம் இல்ல போலடி, விடு, உனக்காவது கிடைச்சுதேன்னு. என் பாவாடைய மடிச்சுக்கிட்டே சொல்றா. நான் கொசுவத்திய எடுத்து அவ கையில குடுத்தேன். நீ வேணா அங்க ஒரு போன் போட்டுக் கேளேன்னு சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வரி போதும், மாப்பிள்ளையப் பத்திப் பேசக்கூட வேண்டாம். அதுகூட வரல. கதையில மட்டும் அந்தப் பொண்ணு எப்படிப் பேசறா பாத்தீங்களா, ரெண்டு பக்கத்துக்கு. ஒரு எடத்துலகூட திக்கல.

நீங்க அழிச்சு அழிச்சு என்னமோ எழுதறீங்களே. காட்டுங்க.

வெள்ளிக்கிழமைக்கு அப்புறமா சொல்லப் போற.

கேள்விக்குறி போடலயே. இல்ல, மறந்துட்டீங்களோன்னு பாத்தேன்.

மேடம், இந்த முகாமுக்கு மூணு வாரம் குடுத்திருந்தாங்க. எது வசதியோ எடுத்துக்கலாம்னு. முதல் வாரம் எனக்கு எந்த வேலையும் இல்ல. மூணாவது வாரமும் சும்மாதான் இருக்கப் போறேன். இந்த வாரத்த நான்தான் டிக் பண்ணினேன். போன் பூட்டிருவாங்க, சனிக்கிழமைதான் தருவாங்கன்னு கீழ சின்ன எழுத்துல போட்டிருந்துச்சு. அத ரெண்டு தடவை படிச்சுட்டுத்தான் டிக் பண்ணினேன்.

மணி. அடிக்குது. அதுக்குள்ள ஆறா?

அவங்கதான் வர்றாங்க, அந்த ரிசப்ஷன் அம்மா. பெட்டியையும் தூக்கிக்கிட்டே வர்றாங்க, பட்டையும் கையில இருக்கு. நீங்க ஏன் எந்திரிக்கறீங்க? இல்ல, நீங்க உக்காருங்க. நீங்க எழுதிக் காட்ட வேண்டாம். அந்தச் சிலேட்ட வைங்க.

வாங்க. இல்லைங்க, இப்பக் குடுக்க முடியாது. தெரியும், மணி அடிச்சிருச்சு. பெட்டிய அந்தப் படி மேல வச்சுட்டுப் போங்க, இல்லன்னா நில்லுங்க. எனக்கு ஒரு போன் பேசணும். ஒரு நிமிஷத்துல முடியாது. நேரம் ஆகும். நேரம் ஆகும்னேன்.

அக்கா. நான்தான். ம், சேந்துட்டேன். சாப்பிட்டேன். அதெல்லாம் அப்புறம் சொல்றேன். அவரு பக்கத்துல இருக்காரா? அப்ப எந்திரிச்சு மொட்டை மாடிக்குப் போ. போயேன், சொல்றேன். போயிட்டியா? கதவச் சாத்திக்கோ. ஒண்ணும் ஆகல எனக்கு, நல்லாத்தான் இருக்கேன். இங்க மோட்டார் ஓடுது, அதான் கத்தறேன். கேக்குதா? அக்கா, மூணு மாசம் முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை, அவரு வந்திருந்த அன்னிக்கு, நீ தலைக்குக் குளிக்கப் போனப்ப, அந்த ஆஸ்பத்திரியிலேர்ந்து உனக்கு போன் வந்துச்சு.