நிறம் எழுதாமல் விட்ட கடற்பஞ்சு: பஞ்சக்காவுக்கு எங்கள் பணிநிறைவு மடல்

பவளப் பாறைப் பொந்துகளில் பதுங்கிக் கிடந்தவற்றைப் பார்த்து, பகுத்து, பெயர் சூட்டிய பெருமகளே! முதுகு வலியையும் மூட்டு வலியையும் மூலையில் வைத்துவிட்டு, முப்பது ஆண்டுகள் நுண்ணோக்கியின் முன் அமர்ந்திருந்த முதன்மை ஆய்வாளரே! கடற்பஞ்சுகளோடே காலம் கழித்ததால் காவலாளி முதல் இயக்குநர் வரை 'பஞ்சக்கா' என்று கூப்பிட, கோபிக்காமல் திரும்பிப் பார்த்த குணக்குன்றே! வணக்கம்.

அடைமொழிகள் இத்தோடு போதும். நீங்களே நாற்காலியில் நெளிகிறீர்கள். "அழகான பஞ்சுன்னு எழுதாதே. எத்தனை மில்லிமீட்டர்னு எழுது" என்று எங்கள் அறிக்கைகளை அடித்துத் திருத்தியவர் ஆயிற்றே! முன்வரிசையில் இருக்கும் உங்கள் கணவர் சற்றுமுன் சொன்னார்: "வீட்டுல பாத்திரம் தேய்க்கிற பஞ்சைக்கூட திருப்பித் திருப்பிப் பார்ப்பா. புதுசு வாங்கவே பயமா இருக்கு." நாங்கள் சிரித்தோம். உங்களுக்குச் சிரிக்கவும் தெம்பில்லை. அந்தக் களைப்புக்குக் காரணம் ஒரே ஒரு பஞ்சு.

குகைக் கூரையில் அப்பிக் கிடந்த அதை நம் முக்குளிப்பவர்தான் பெயர்த்து வந்தார். நகக்கண் அளவு கிள்ளி, சதையைக் கரைத்து, எலும்புக்கூடாய் மிஞ்சிய கண்ணாடி முட்களை நுண்ணோக்கியில் வைத்தீர்கள். ஒவ்வொரு முள்ளின் தலையிலும் குட்டிக் கிரீடம்! இதுவரை யாரும் விவரிக்காத இனம். ஓய்வுக்கு முன் அதற்கொரு பெயர் நிலைத்துவிட வேண்டும். உங்கள் ஆசை அவ்வளவுதான்.

வந்தது வினை. உயிரோடு இருந்தபோது அது என்ன நிறம் என்று, நீங்கள் ஆய்விதழுக்கு அனுப்பிய கட்டுரையைச் சரிபார்த்தவர்கள் கேட்டார்கள். ஸ்பிரிட் புட்டிக்குள் போன பஞ்சோ சாயம் போய் வெளுத்திருந்தது.

"கறுப்புக்கா," என்றார் முக்குளிப்பவர்.

"டார்ச் அடிச்சியா?"

"அது பாதியிலேயே உயிரை விட்டுடுச்சு."

"அப்ப நீ பாத்தது இருட்டைடா. பஞ்சை இல்ல."

ஆழம் போகப் போகச் சிவப்பும் கறுப்பாகத்தான் தெரியும். வெளிச்சம் பாய்ச்சினால்தான் உண்மை வெளிவரும். பக்கத்து மேசைக்காரர் பொறுக்கமாட்டாமல் சொன்னார்: "ஆரஞ்சுன்னு போட்டுடுங்கக்கா. அந்தக் குகைக்குள்ள எவன் போய்ப் பாக்கப் போறான்?"

"எவனாவது போவான். ஆரஞ்சைத் தேடி அலைவான், பாவம்."

முழங்காலில் பட்டையைக் கட்டிக்கொண்டு நீங்களே இறங்கினீர்கள். படகில் நாங்கள் நகத்தைக் கடித்துக்கொண்டு காத்திருந்தோம். மேலே வந்தீர்கள். முகமூடியைக் கழற்றினீர்கள்.

"புயல்ல பாறை சரிஞ்சு குகை வாயை மூடிக்கிச்சு. நாமளும் மூடிக்கிட்டு வீட்டுக்குப் போலாம்."

படகைக் கரைக்குத் திருப்பினோம்.

மறுநாள் அந்த வரியை எழுதினீர்கள்: 'உயிருள்ள நிறம்: தெரியவில்லை.' வேண்டாம் என்று கெஞ்சினோம். இந்த ஒரு வரிக்காக மொத்தக் கட்டுரையும் திரும்பிவிடும் என்று அஞ்சினோம். அனுப்பிவிட்டு, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கிக்கொண்டீர்கள். எங்களோடு வாதாடக்கூட உங்களிடம் தெம்பு மிச்சமில்லை.

நேற்று பதில் வந்தது. ஏற்றுக்கொண்டார்கள்! பெயர் நிலைத்தது. கூடவே ஒரு குறிப்பு: 'நிறம் தெரிய வந்தால் எழுதவும்.' நாங்கள் கைதட்டி முடிக்கும்வரை பொறுத்திருந்தீர்கள். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "இது இனி உங்க வேலை. எனக்குத் தூக்கம் வருது" என்றீர்கள்.

தூங்குங்கள், அக்கா. அலாரம் வைக்காமல் தூங்குங்கள். அந்தப் பாறைத்தொடரில் வேறு குகைகளும் உண்டு. ஆளுக்கு இரண்டு டார்ச்சோடு நாங்கள் நுழைகிறோம். நிறம் தெரியும் நாளில் முதல் போன் உங்களுக்குத்தான். அதற்குப் பத்து வருடம் ஆகலாம், இருபதும் ஆகலாம். அந்த போனை எடுக்க நீங்கள் இருக்க வேண்டும். "எந்த டார்ச்? என்ன ஆழம்? எவன் பாத்தான்?" என்று எங்களைத் திட்ட, உடம்பில் தெம்பும் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
முக்குளிப்பவர் உட்பட,
கடற்பஞ்சுப் பிரிவு ஊழியர்கள்