மொதலாளி வீட்டு கனெக்‌ஷன்

அட, நீங்க எதுக்குணா எழுந்துக்கிறீங்க, உக்காருங்க. நான்தான், அந்தோணியேதான். ஃபைபர் கம்பெனி சட்ட போட்டுக்கினு வந்தா மூஞ்சி மாறிடுமா இன்னா? சண்டைக்கெல்லாம் வரலணா. புது கனெக்‌ஷன் குடுக்க வந்திருக்கேன். தேவிப்ரியான்னு பேரு போட்டு புக் ஆயிருக்குது. உங்க மருமகதானே? செவிலிமேடு, வீட்டு நம்பரு எல்லாம் பாத்துட்டு இது எனக்குத் தெரிஞ்ச வீடு சார், நானே போறேன்னு ஆபீஸ்ல கேட்டு வாங்கிக்கினு வந்தேன்.

உங்ககிட்ட சொல்லவே இல்லியா? அதுவும் சரிதான். கேபிள்காரு வீட்ல இருந்துக்கினு கேபிள் வேணாம்னு மாமனார் மூஞ்சிக்கு நேரா எப்பிடி சொல்லுவாங்க. கோச்சுக்காதீங்க அந்தப் பொண்ண. வேல முடிஞ்சி பஸ் புடிச்சி வூட்டுக்கு வரவே எட்டரை ஆயிடுது. எட்டு மணி சீரியல எங்க போயி பாக்கும்? ஓடிடின்னா சோறு துன்னுட்டு, பாத்திரம் தேச்சிட்டு, பத்து மணிக்கு உக்காந்தாலும் மொதல்லேருந்து ஓடும். உங்க சேனலு யாருக்காகவும் நின்னுக்கினு இருக்காது இல்ல.

வெளிய கம்பத்துலேருந்து ஒயரு நேத்தே இழுத்து வுட்டுட்டாங்க. நான் உள்ள பொட்டி மாட்டி டிவியில சேத்துட்டு கெளம்பிடுவேன். முக்கா மணி நேர வேல. எங்க டிவி? தோ, இங்கியா.

நல்லா இருக்குதுணா ஹாலு. மெய்யாலுமே சொல்றேன். இன்னிக்கிதான் மொத தடவ பாக்கறேன். கண்ட்ரோல் ரூம் மொட்ட மாடியில, எனக்கு சைடு படிக்கட்டு. காலையில அதுல ஏறினா சாய்ங்காலம் அதுலயே எறங்குவேன். மாடியில எங்கெங்க விரிசல்னு கேளுங்க, கண்ண மூடிக்கினு சொல்லுவேன். ஹாலுக்கு இன்னா பெயிண்டு அடிச்சிருக்கீங்கன்னு கேட்டா தெரியாது. ஊர்ல எந்த வீடா இருந்தாலும் எனக்கு அப்பிடித்தான். கேபிளு மேல வழியா வரும், மாட்டறவனும் மேல வழியா வந்துட்டு மேல வழியா போயிடணும். இந்த ஃபைபரு பாருங்க, ஹாலுக்குள்ள ஆளு வந்தாத்தான் வேல நடக்கும்.

ஆமா, பதினெட்டு வருஷமா, பத்தொம்போதா? எனக்கே கொழப்பமா இருக்குது. எத்தினி வருஷம்ணா நான் உங்ககிட்ட வேல பாத்தேன்? தலய ஆட்டாதீங்க, வாயத் தொறந்து சொல்லுங்க, அந்த ஷாக்குக்கு அப்பால இந்தப் பக்கம் காது ரவ மந்தம். ஆங், பத்தொம்போது. உங்க பையன் மூணாங்கிளாஸ் போவும்போது சேந்தேனா? நான் மறந்துட்டேன், நீங்க கரெக்டா வச்சிருக்கீங்க பாருங்க.

ரவ காத மூடிக்கோங்க, டிரில் போடப் போறேன்.

செவுரு நல்ல கெட்டி. கேபிள் ஜோரா ஓடினப்ப கட்டினது இல்ல, கெட்டியாத்தான் இருக்கும். வாங்கக்கா, நல்லா இருக்கேன். மொதலாளியம்மா கையால எதுக்குக்கா காபி எல்லாம். ஐயோ, டம்ளர்லியே குடுக்கறீங்களே. இல்லக்கா, ஒண்ணும் இல்ல. அப்பல்லாம் மாடிப்படியில பேப்பர் கப்பு வச்சிட்டுப் போவீங்க, அந்த ஞாபகம். வள்ளியக்கா கை காபி அன்னிக்கும் நல்லாத்தான் இருக்கும், இன்னிக்கும் நல்லாத்தான் இருக்குது.

அப்பால சொல்லுங்க, இப்ப எத்தினி வீடு ஓடுது உங்களுக்கு? நாப்பத்திரெண்டா? பரவால்லியே. முப்பதுக்குள்ளதான் இருக்கும்னு நெனச்சிக்கினு இருந்தேன். ஆயிரத்து நானூறு வீடு ஓடிச்சி இல்ல?

ஓடிடியாலதான் போச்சா? அப்பிடித்தான் ஊருக்குள்ள சொல்லிக்கினு இருக்கீங்களாமே. ஓடிடி வந்துச்சி, கேபிள முழுங்கிடுச்சி, காலம் மாறிப்போச்சின்னு. தப்புணா. ஓடிடி தானா நடந்து வூட்டுக்குள்ள வராது. எந்த ஊர்லயும் கேபிளும் ஒரு பக்கம் ஓடிக்கினுதான் இருக்குது, வாலாஜாபாத்ல போயி பாருங்க. இங்க ஏன் படுத்துச்சி? ஒருத்தன் கையப் புடிச்சி இட்டாந்தான். நான்தான் அது. ஒவ்வொரு வீடா நான்தான் இட்டாந்தேன்.

எந்த வூட்டுப் பொட்டி தகராறு பண்ணும், எந்த வூட்ல மழ வந்தா படம் புள்ளி புள்ளியா வரும், எந்த வூட்டுக்காரு மூணு நாளு போன் பண்ணியும் நீங்க எடுக்கலன்னு திட்டிக்கினு இருக்காரு, எல்லாம் எனக்குத்தானே தெரியும்? மழ பேஞ்ச மறுநாளு அந்த வீடாப் பாத்துப் போவேன். பேசவே வேணாம். அவங்களே உள்ள வாப்பான்னுவாங்க.

பிள்ளையார்பாளையம் வடிவாம்பாக்கா இருக்குதுல்ல, அதுதான் ரொம்ப சிரமப்படுத்திடுச்சி. அந்தக்கா தறியில உக்காந்துக்கினு டிவி பாக்கறதில்லணா, கேக்கறது. காலு ரெண்டும் குழியில மிதிச்சிக்கினு இருக்கும், கை ரெண்டும் நெசவுல, காது மட்டும் சீரியல்ல. உன் ஓடிடியில ஒவ்வொண்ணா தேடி அமுக்கணுமே, தறிய வுட்டு எழுந்து எவ அமுக்கறதுன்னு கேட்டுச்சி. நியாயம்தானே? மூணு தடவ திரும்பி வந்துட்டேன். நாலாந்தடவ மாட்டியே காமிச்சேன். ஒரே ஒரு அமுக்கு அமுக்குங்கக்கா, ஒண்ணு முடிஞ்சா அடுத்தது தானா வரும், நடுவுல வெளம்பரமும் கெடயாதுன்னேன். ஒரே நாள்ல பதினஞ்சி எபிசோடு கேட்டுடுச்சி. அதுக்கு இப்ப ஒரே கொறதான். வெளம்பரம் வரும்போதுதான் எழுந்து ஒலயப் பாக்குமாம், இப்ப சோறு தெனம் அடி புடிக்குதாம். அந்தத் தெருவுல இருவத்தாறு வீடு அந்தக்காவப் பாத்து மாறிச்சி.

நீங்க சொல்றது வாஸ்தவம். உங்க லோக்கல் சேனலுதான் ஜனங்களப் புடிச்சி வச்சிக்கினு இருந்துச்சி. பொறந்த நாள் வாழ்த்து, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, வைகாசி வந்தா பெருமாள் கோயில் கருட சேவை லைவ். இது எந்த ஓடிடியில வரும்னு நெஞ்ச நிமித்திக்கினு இருந்தீங்க. இந்த வைகாசியில இன்னா ஆச்சி? கோபுர வாசல்ல இருவது பேரு போன்லயே லைவ் போட்டானுங்க. நான் காலங்காத்தால வீடு வீடா ஏறி எறங்கி அத பெரிய டிவியில வச்சிக் குடுத்தேன். ஆயாங்கல்லாம் கன்னத்துல போட்டுக்கினாங்க. உங்க லைவ்ல பெருமாளு வெளிய வர்ற நேரம் பாத்து நகைக்கடை வெளம்பரம் வந்துடுச்சாமே. அந்த ஒரு வாரத்துல முன்னூறு வீடு.

சிரிக்கிறீங்க. சர்ச்சுக்குப் போற வேதக்காரன் எனக்கு பெருமாளண்ட இன்னா வேலன்னுதானே? அவரு மேல எனக்கு ஒரு கோவமும் இல்லணா. போன வருஷம் அவரு கருட சேவைக்கு முந்தின நாளுதானே நான் வுழுந்தேன்.

டேப்ப எடுத்துக் குடுங்கணா, ஆங், அதான். தேங்க்ஸ்.

அன்னிக்கி யாரு என்ன அங்க அனுப்பினது? இல்ல, தெரிஞ்சிக்கதான் கேக்கறேன். மழ தூறிக்கினு இருக்குது, ஒயரு ஈபி கம்பத்துல கட்டி இருக்குது, மழ வுடட்டும் ஏறறேன்னு போன்ல சொன்னேனே. நீங்க இன்னா சொன்னீங்க? நல்லா யோசிச்சி சொல்லுங்க. ஆமா. விடிஞ்சா கருட சேவை, லைவ் போவலன்னா ஊரே காறித் துப்பும், ஏறுடா. அதே வார்த்ததான். நான் எதுனா கூட்டி சொல்றேனோன்னு எனக்கே சந்தேகமா இருந்துச்சி.

ஏறினேன். கரண்டு புடிச்சி தூக்கி அடிச்சிடுச்சி. தோ, இந்த ரெண்டு வெரலும் இப்பவும் மடங்காது. மூணு மாசம் படுக்கை. அது போவட்டும். கம்பத்துல ஏறறவனுக்கு அடிபடறது புதுசா? நீங்க அன்னிக்கி ஆஸ்பத்திரிக்கி வந்தீங்க பாருங்க, அதத்தான் என்னால முழுங்க முடியல. கட்டிலண்ட என் சம்சாரம் சம்பூர்ணம் நின்னுக்கினு இருந்தா. மொதலாளி வந்துட்டாரு, இனிமே பயமில்லன்னு உங்களப் பாத்து கையெடுத்துக் கும்பிட்டா. நீங்க அவளத் தாண்டிப் போயி போலீஸ்காரருகிட்ட இன்னா சொன்னீங்க? சார், இவன யாருன்னே எனக்குத் தெரியாது, செம்புக் கம்பி திருட ஏறியிருப்பான். அவ காது கேக்க சொன்னீங்கணா. அவரும் அப்பிடியே எழுதிக்கினு போயிட்டாரு. எம்பொண்ணு எஸ்தரு ஒரு வாரம் ஸ்கூலுக்குப் போவல. உங்கப்பன் கம்பி திருடத்தான் ஏறினானாமேன்னு கேட்டிருக்குதுங்க கூடப் படிக்கறதுங்க.

எனக்கு உங்க மேல வெறிணா. கோவம்னா ரெண்டு நாள்ல ஆறிடும், இது ஆறல. கட்டில்ல படுத்துக்கினு மேல சுத்தற ஃபேனப் பாத்துக்கினே முடிவு பண்ணேன். அரிவாளத் தூக்கிக்கினு வர்ற ஆளு நான் இல்ல. இந்தாளோட லைன்ல ஒரு வீடு கூட வுடக்கூடாது, கையில ரிமோட்ட வச்சிக்கினு தனியா உக்காரணும்னு நெனச்சேன். ஃபைபர் கம்பெனிக்காரன் வேலைக்கி ஆளு கேட்டப்ப சம்பளம் எவ்ளோன்னு கூட நான் கேக்கல, எந்தெந்த தெருன்னுதான் கேட்டேன்.

சொல்லுங்க, கேக்கறேன். பர்மிஷன் இல்லாம கம்பத்துல ஒயர கட்டினதுக்கு ஈபிகாரன் கேஸ் போட்டுடுவான், லைன் மொத்தத்தையும் அறுத்துடுவான்னு பயம். என் பேர்ல இன்சூரன்ஸும் எதுவும் போட்டு வைக்கல. சரி. அதனால தெரிஞ்ச ஆளையே தெரியாதுன்னு சொல்லிட்டீங்க. இந்தப் பக்கமா திரும்பி இன்னொரு தடவ சொல்லுங்கணா, பாதிதான் காதுல வுழுந்துச்சி. எங்கிட்ட வேல பாத்தவன்தான், நான்தான் ஏறச் சொன்னேன், பயந்துக்கினு திருடன்னு பொய் சொல்லிட்டேன்னு சொல்றீங்க. ஆங். அவ்ளோதான். இத சொல்றதுக்கு ஒன்றரை வருஷம் ஆயிருக்குது உங்களுக்கு.

ஐயோ, எதுக்குணா கையெல்லாம் கும்பிடறீங்க. வுடுங்க, அக்கா பாத்தா இன்னா நெனப்பாங்க. மன்னிச்சுடு அந்தோணின்னு உங்க வாயில வரும்னு நான் கனவுலயும் நெனைக்கல. பொய் சொல்ல மாட்டேன், நெஞ்சு ரவ எளகத்தான் செய்யுது. சம்பூர்ணம் இங்க இருந்திருக்கணும்.

தோ, பச்ச வெளக்கு வந்துடுச்சி பாருங்க. படம் எப்பிடி இருக்குது? கண்ணாடியாட்டம் இல்ல? உங்க மருமக சந்தோஷப்படும். ஸ்பீடு மட்டும் ஒரு தடவ பாத்துடறேன், ஆபீஸ்ல கேப்பாங்க. பெருசா எதுனா ஒண்ணு அனுப்பிப் பாத்தா தெரிஞ்சிடும். இருங்க. போயிடுச்சி. நாலே செகண்டு.

இன்னா அனுப்பினேனா? இவ்ளோ நேரம் நாம பேசிக்கினு இருந்தோமில்ல, அதத்தான். வாசப்படி ஏறும்போதே பாக்கெட்ல போன்ல ரெக்கார்டிங் போட்டுட்டேன். வக்கீலம்மாவுக்கு அனுப்பினேன். நஷ்ட ஈடு கேஸ் போடலாமான்னு போயி கேட்டேன்ணா. ஐடி கார்டு இருக்குதா, சம்பள சீட்டு இருக்குதான்னாங்க. எல்லாம் சனிக்கெழம சனிக்கெழம உங்க கையிலேருந்து என் கைக்கு வந்ததுதானே, எங்கிட்ட இன்னா இருக்கும்? அப்ப நீ அங்க வேல பாத்தேன்னு அவரு வாயால வந்தாத்தான் உண்டு அந்தோணின்னுட்டாங்க. வந்துடுச்சி. மன்னிப்பு கேட்டீங்க பாருங்க, அத மட்டும் நூறு தடவ கேப்பாங்க கோர்ட்ல.

புடுங்காதீங்கணா. போன ஒடச்சாலும் பிரயோஜனம் இல்ல, அது அங்க போயி சேந்துடுச்சி. உங்க வூட்டு வைஃபையிலயேதான் அனுப்பினேன், இந்தாண்ட டவரு சரியா எடுக்கறதில்ல. அழாதீங்க, அக்கா உள்ளதான் இருக்காங்க. நான் உங்கள திருடன்னு சொல்லல, கொலகாரன்னு சொல்லல. நீங்க சொன்னதத்தான் எடுத்துக்கினு போறேன்.

அவ்ளோதான், லைன் நல்லா இருக்குது. பொட்டி மேல துணி கிணி போட்டு மூடாதீங்க, சூடாயிடும். இந்த ஃபாரத்துல கஸ்டமர் கையெழுத்துன்னு இருக்குது பாருங்க, அங்க ஒண்ணு போடுங்க. அதுக்குக் கீழ, கனெக்‌ஷன் குடுத்த ஆளு பேருன்னு ஒரு கட்டம் இருக்குது. அத நீங்களே எழுதிடுங்கணா. தெரியும்ல?