விதைநெல்லும் குளிசையும்

வவுனியா ஆஸ்பத்திரி வாசலில் ஏறிய கணவனும் மனைவியும் மல்லாவி பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்தார்கள். வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்த மனிதர் திடீரென்று சொன்னார்:

"ஆம்பிளையளுக்கு மட்டும் சலப்பைக்குக் கீழை வாற புற்றுநோயாம். அதுக்கு டொக்டர் பொம்பிளையளின்ர உடம்பிலை சுரக்கிற ஓமோன் குளிசையைத் தந்திருக்கிறார்."

"நல்லதாப் போச்சு. இனிக் களை பிடுங்கப் பொம்பிளையளோடை நீங்களும் வயலுக்கை இறங்கலாம்."

"பகிடியை விடு. நெஞ்சும் வீங்குமாம்."

"அதுக்கென்ன, என்ரை பழைய சட்டை கிடக்குது."

நான் இருமிச் சிரிப்பை மறைத்தேன்.

"எவ்வளவு காலம் இருப்பன் எண்டு கேக்க எனக்கு வாய் வரேல்லை," என்றார் அவர்.

"நீங்கள் வெளியாலை போன பிறகு நான் கேட்டனான்."

"என்னெண்டு கேட்டனீ?"

"இவர் விதைநெல்லைத் தம்பிக்குக் குடுக்கப்போறன் எண்டு நிக்கிறார், குடுக்கட்டோ எண்டு."

அவர் திரும்பி மனைவியைப் பார்த்தார். "டொக்டர் என்ன சொன்னவர்?"

"ஏன் குடுக்கிறியள், இந்தமுறை அவரே விதைக்கட்டும் எண்டார்."

"அடுத்தமுறை?"

மனைவி மடியிலிருந்த குளிசைப் பொட்டலத்தை இறுக்கிப் பிடித்தார்.

"அதை நான் கேக்கேல்லை. நீங்கள் முதல் என்னோடை வந்து களையைப் பிடுங்குங்கோ."